புது டூரிங் வண்டிகளின் முகம் மனதில் ஒட்டவே இல்லை. எனக்கு மட்டும்தானா?

தொலைவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வருஷமாக ஒரே டூரிங் வண்டி, அதாவது தூரப் பயணத்துக்கான மோட்டார் சைக்கிள், வைத்திருக்கிறேன். ஓடோமீட்டர் 1,12,000 தாண்டிவிட்டது. போன மாதம் முன் ஃபோர்க்கில் மூன்றாவது தடவையாக ஆயில் கசிந்தது. மெக்கானிக் துணியால் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டேன். வீட்டிலும் "இன்னும் எத்தனை நாள்தான் இதையே ஓட்டுவீங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். பின்சீட்டில் என்கூட அறுபதாயிரம் கிலோமீட்டராவது வந்திருப்பாள், கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு.

ஆக நான்கு சனிக்கிழமை ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரேக், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் வளைவிலும் காக்கும் ஏபிஎஸ், முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாக வேகம் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல், இதெல்லாம் என் வண்டி வந்த காலத்தில் நினைத்துப் பார்க்காதவை. உட்கார்ந்தும் பார்த்தேன். ஆனால் ஒரு வண்டிகூட என்னை நிறுத்தி வைக்கவில்லை. ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் ஒருதரம் திரும்பிப் பார்க்கத் தோன்ற வேண்டுமே, அது நடக்கவில்லை.

"மூக்கும் முழியுமாக" என்று சொல்வோம் இல்லையா, அந்த லட்சணத்தைத்தான் முகத்தில் தேடுகிறேன். அலகு மாதிரி மூக்கு நீண்டு நிற்கிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. டேங்க்கின் பக்கத்தில் மடிப்புக்கு மேல் மடிப்பு, வெட்டுக்கு மேல் வெட்டு. கண் எங்கே நின்று ஓய்வெடுப்பது என்று தெரியவில்லை. எனக்கு டூரிங் வண்டி என்றால் நின்றுகொண்டிருக்கும்போதே "வா, தூரமாகப் போகலாம்" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் சண்டைக்குக் கிளம்பின மாதிரி நிற்கின்றன.

இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நானே கேட்டுக்கொண்டேன். 1976-ல் பிஎம்டபிள்யூவின் ஆர் 100 ஆர்எஸ் வந்தது. நான் பிறந்த வருஷம், அதனால் அந்த வண்டியிடம் எனக்குத் தனிப் பிரியம். ஹான்ஸ் மூத் வரைந்தது. அதன் ஃபேரிங்கை, அதாவது காற்றைத் தடுக்கும் முன் உறையை, பினின்ஃபரினா என்ற இத்தாலிய டிசைன் கம்பெனியின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கினார்கள். முழு ஃபேரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளில் முன்னோடி அது. இன்றைக்குப் பார்த்தாலும் ஒவ்வொரு வளைவும் ஏன் அங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். இந்த விளிம்பு கையை மூடுகிறது, இந்தச் சரிவு நெஞ்சுக்கு வரும் காற்றை மேலே தூக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். இப்போதைய வண்டிகளில் ஒரு மடிப்பைத் தொட்டு "இது எதற்கு?" என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். "ஸ்டைல் சார்" என்றான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1999-ல் அதே பிஎம்டபிள்யூவின் ஆர் 1150 ஜிஎஸ் ஒரு பெரிய கண், ஒரு சின்னக் கண்ணோடு வந்தபோது படத்தில் பார்த்துவிட்டு முகம் சுளித்தவன் நான். கோணல் முகம் என்றேன். அப்புறம் ஒருநாள் மலைப்பாதையில், இருட்டு விழுகிற நேரம், கண்ணாடியில் அந்த ஏற்றத்தாழ்வான வெளிச்சம் தெரிந்தது. வருவது எந்த வண்டி என்று அரை நொடியில் தெரிந்தது. அன்றைக்கு என் எண்ணம் மாறியது. 2023-ல் ஆர் 1300 ஜிஎஸ் வந்து, நடுவில் ஒற்றை விளக்கும் எக்ஸ் வடிவ வெளிச்சமுமாக ஆனதும், 24 வருஷத்து முகம் போச்சே என்று வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு காலத்தில் நான் வேண்டாம் என்ற அதே முகம்!

ஆகவே என் கேள்வி இதுதான். புது டூரிங் வண்டி எடுத்து ஆறு மாதமாவது ஓட்டியவர்கள் சொல்லுங்கள். முதலில் பிடிக்காத முகம் பழகப் பழகப் பிடித்ததா? இல்லை, பிடிக்காதது பிடிக்காததாகவே இருந்து, மற்ற வசதிகளுக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? "எஞ்சின் நல்லா இருக்கு, முகத்தை விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கப்போகிற வண்டி. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது மனசு நிறைய வேண்டும்.


இரண்டுகண் எழுதியது:

அண்ணா, ஏழு மாசம், 14,000 கிமீ. நான் எடுத்தது புது மாடல், நீங்க சொன்ன "இரண்டு கோடு" முகம்தான். அதனால நான் பதில் சொல்லலாம்னு நினைக்கிறேன்.

முதல்ல அந்தக் கோடு ஏன் வந்துச்சுன்னு சொல்லிடறேன். பழைய ஹாலஜன் பல்புக்குப் பின்னாடி ஒரு கிண்ணம் வேணும். பல்புலேர்ந்து எல்லாப் பக்கமும் சிதர்ற வெளிச்சத்தை முன்னாடி திருப்புற ரிஃப்ளெக்டர் அது. கிண்ணம் பெருசா இருந்தாத்தான் வெளிச்சம் ஒழுங்கா விழும். அதனால முன்னாடி உள்ளங்கை அகலத்துக்குக் கண் இருந்தே ஆகணும். டிசைன் பண்றவங்க அந்தக் கண்ணைச் சுத்தித்தான் முகத்தை வரைஞ்சாங்க. எல்இடிக்கு அது தேவையில்லை. ரெண்டு விரல் தடிமன் லென்ஸ் போதும். கண் வைக்கணும்ங்கிற கட்டாயமே போயிடுச்சு. பகல்ல எரியிற கோடுதான் இப்ப முகம். நிஜமா ரோட்டைக் காட்டுற விளக்கு கீழ எங்கயோ ஒளிஞ்சிருக்கும். உங்களுக்கு முழி காணோம்னு தோணுறது அதனாலதான், உங்க வயசுனால இல்லை.

மத்த வண்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்க்க ரேடார் வேற வந்துடுச்சு. டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 2020-ல முன்னாடியும் பின்னாடியும் ரேடாரோட வந்துச்சு. அதுக்கு முன்னாடி உலோகம் எதுவும் வரக்கூடாது. நேரா ரோட்டைப் பார்க்கணும். அதனால முகத்துல நடுவுல ஒரு கறுப்புச் சதுரம் வந்து உக்காந்துக்குது. விளக்கு, ரேடார், காத்து போற வழி எல்லாம் ஒரே இடத்துக்குப் போட்டி போடுது.

பிடிச்சுதான்னு கேட்டீங்க. எனக்கு அது படத்தைப் பார்த்துப் பழகல அண்ணா. கழுவிக் கழுவிப் பழகுச்சு. ஒவ்வொரு டூர் முடிஞ்சும் நானே கழுவுவேன். மூணாவது நாலாவது தடவையில கைக்கு ஒவ்வொரு மடிப்பும் தெரிஞ்சுபோச்சு. எந்த மடிப்புல சேறு தங்குது, எது தங்கறதே இல்லைன்னு. சேறே தங்காத ஒரு வெட்டு டேங்க் பக்கத்துல இருக்கு. மழைல ஓட்டும்போது கவனிச்சேன், தண்ணி அந்த வெட்டு வழியாத்தான் முழங்காலுக்கு வெளிய ஓடுது. "ஸ்டைல் சார்"னு உங்களுக்குச் சொன்ன பையனுக்கு அது தெரிஞ்சிருக்காது. எனக்கும் ஆறாயிரம் கிலோமீட்டர் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

எல்லா மடிப்பும் அப்படின்னு சொல்ல வரல. பின்பக்கம் ரெண்டு வெட்டு எதுக்குன்னு எனக்கே இன்னும் தெரியல.


பழையஇரும்பு எழுதியது:

தம்பி தொலைவழி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. எனக்கு அறுபத்து மூன்று வயது. நான் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

தூரப் பயணத்துக்கு ஓட்டுகிறவர்கள் புது உருவத்தை என்றைக்குமே லேசில் ஏற்றுக்கொண்டதில்லை. 1954-ல் வின்சென்ட் கம்பெனி பிளாக் பிரின்ஸ் என்று ஒரு வண்டியைக் காட்டியது. எஞ்சின், சங்கிலி, பின்சக்கரத்தின் மேல்பாதி எல்லாவற்றையும் கண்ணாடியிழை உறைக்குள் மூடிவிட்டார்கள். ஓட்டுகிறவர் மேல் சேறும் எண்ணெயும் படாமல், கோட்டுப் போட்டவர் கோட்டோடு போய் இறங்கலாம் என்பது எண்ணம். பயணத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் எஞ்சின் கண்ணில் படாத வண்டியை அன்றைக்கு வாங்குகிறவர்கள் விரும்பவில்லை. அடுத்த வருஷக் கடைசியில் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டது. பணநெருக்கடி உள்பட அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, உருவத்தின் மேல் மட்டும் பழி போடக்கூடாது. ஆனால் இன்றைக்கு டூரிங் வண்டி என்று நாம் சொல்கிற எதையும் பாருங்கள், பாதிக்கு மேல் மூடித்தான் இருக்கிறது.

ஹோண்டா கோல்ட் விங் 1975-ல் விற்பனைக்கு வந்தபோது அதற்கு ஃபேரிங்கே கிடையாது தெரியுமா? ஜிஎல் 1000, மொட்டை வண்டி. வாங்கியவர்கள் தாங்களாகவே கிரெய்க் வெட்டர் செய்த விண்ட்ஜாமர் ஃபேரிங்கை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சாமான் பெட்டியும் மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் 1980-ல் ஃபேரிங்கும் பெட்டிகளும் வைத்து இண்டர்ஸ்டேட் என்று தொழிற்சாலையிலிருந்தே வந்தது. டூரிங் வண்டி என்றதும் நம் மனக்கண்ணில் வருகிற உருவத்தை வரைந்ததில் பாதிப் பங்கு ஓட்டியவர்களுக்கு. அவர்கள் கேரேஜில் துளைபோட்டு, ஸ்டாண்டு கட்டி உண்டாக்கிய உருவம் அது.

இன்னொன்று. 2003-ல் முதல் மல்டிஸ்ட்ராடா வந்தது, பியர் டெர்பிளாஞ்ச் வரைந்தது. ஃபேரிங்கின் மேல்பாதி ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அந்த முகம் வாங்காத வசை இல்லை. எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பழகப் பழக எல்லாம் பிடித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சிலது பழகும், சிலது பழகாது. ஹார்லிக்காரர்களைப் பாருங்கள். 1969-லிருந்து வௌவால் இறக்கை மாதிரி ஃபேரிங், நடுவில் வட்ட விளக்கு. 2024 ஸ்ட்ரீட் கிளைடில் அந்த வட்டத்தை எடுத்துவிட்டு அகலமான எல்இடியும் அதோடு சேர்ந்த இண்டிகேட்டரும் வைத்தார்கள். முள் மீட்டர்கள் போய் 12.3 அங்குலத் திரை வந்தது. என் நண்பர்களுக்குள் அதனால் இன்னும் பேச்சு ஓயவில்லை. ஆனால் இறக்கையின் வெளிக்கோடு அப்படியே இருக்கிறது. தூரத்திலிருந்து நிழலைப் பார்த்தாலே எந்த வண்டி என்று தெரிகிறது. எனக்கு அது போதும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நீங்கள் பார்த்த வண்டிகளின் பக்கவாட்டுப் படத்தை ஃபோனில் திறந்து, முகத்தைக் கட்டைவிரலால் மூடிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பிறகு பின்பக்கத்தை மூடிவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காதது உண்மையில் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியும். நான் வண்டி வாங்கின மூன்று தடவையும் இப்படித்தான் பார்த்தேன். விற்பனைக்காரர்கள் காட்டுகிற படம் எப்போதும் முன்பக்கத்து முக்கால் கோணத்தில்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கோணத்தில் உங்கள் வண்டியைப் பார்க்கப்போவது எதிரே வருகிறவர். நீங்கள் இல்லை.


பின்சீட்டுக்காரி எழுதியது:

எல்லாரும் முகம் முகம் என்கிறீர்களே. டூரிங் வண்டியின் அழகு பின்னால் இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லையா?

நான் தனியாகவும் ஓட்டுவேன், என் வீட்டுக்காரர் பின்னாலும் உட்காருவேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால் எழுதுகிறேன். இப்போது வரும் வண்டிகளில் வால் பகுதியைத் தேள் கொடுக்கு மாதிரி தூக்கி, கூர்மையாக வெட்டிவிடுகிறார்கள். படத்தில் துள்ளலாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூக்கலில் உட்காருகிறவள் நான். சீட்டைவிட ஃபுட்ரெஸ்ட்டை அதிகமாகத் தூக்கி வைத்தால் முழங்கால் மடங்கித்தான் ஆகும். ஓட்டுகிறவர் தலைக்கு மேல் என் தலை நீட்டிக்கொண்டு நிற்கும், முன்கண்ணாடி தடுத்த காற்று அவரைத் தாண்டி நேராக என் ஹெல்மெட்டில் வந்து விழும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் போகும்போது இருந்ததைவிட 120-ல் நான்கு மடங்கு. மூன்று மணி நேரம் அந்தக் குலுக்கலை வாங்கிவிட்டு இறங்குகிறவளிடம் வண்டி அழகா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

உருவத்துக்காகப் பயணத்தைக் குறைத்தால் ஓட்டுகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள் என்பதற்குக் கோல்ட் விங்கே சாட்சி. 2018-ல் அதை இளைக்க வைத்தார்கள். முன் சஸ்பென்ஷன் புதிது, எடை குறைந்தது, உருவம் கச்சிதமானது. பார்க்க எனக்கும் ரொம்பப் பிடித்தது. ஆனால் பெட்டிகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 150 லிட்டரிலிருந்து 110 லிட்டராகக் குறைந்துவிட்டது. நாற்பது லிட்டர் என்பது இரண்டு பேருடைய மழைக்கோட்டும் ஒருவருடைய மூன்று நாள் துணியும். இருவராகப் போகிறவர்கள் இதை விடாமல் சொன்னார்கள். 2021-ல் டூர் மாடலின் மேல்பெட்டியை 50-லிருந்து 61 லிட்டராக்கினார்கள். பின்சீட்டின் முதுகுச் சாய்மானத்தை 17 பாகையிலிருந்து 24.5 பாகைக்குச் சாய்த்தார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அந்த ஏழரை பாகையால் வண்டியின் பின்கோடே மாறி இருக்கும். முன்னதைவிட அழகாகவும் இருக்கும். யாரோ ஒருத்தி அங்கே நிம்மதியாக உட்காரப்போகிறாள் என்று அந்தக் கோடு சொல்கிறது.

தொலைவழி அண்ணா, அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது நிமிஷம் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் போதாது. முதல் பதினைந்து நிமிஷம் எல்லாச் சீட்டும் நன்றாகத்தான் இருக்கும்.


ஃபைபர்கடை எழுதியது:

நான் ஃபேரிங் ஒட்டுற வேலை பார்க்கிறேன். வண்டி அழகா இல்லையான்னு சொல்ல எனக்குத் தெரியாது. உடைஞ்சு வந்தா எப்படி இருக்கும்னு தெரியும். அதையும் சேர்த்துப் பார்த்து முடிவு பண்ணுங்கன்னு சொல்லத்தான் எழுதறேன்.

டூரிங் வண்டி கனம். நின்ன இடத்துலயே சாயும். சரளைக்கல்லுல கால் வழுக்கும், சைடு ஸ்டாண்டு மண்ணுல புதையும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும், ஓட்டறவரோட திறமைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படிச் சாஞ்சா முதல்ல தரையில படுறது எதுன்னு ஷோரூம்லயே பாருங்க. வண்டிக்குப் பக்கத்துல குனிஞ்சு ஒரு நீளக் குச்சியைச் சாய்ச்சு வெச்சுப் பார்த்தா தெரியும். எஞ்சின் கார்டோ, பெட்டியோட மூலையோ பட்டா நல்லது. பெயிண்ட் அடிச்ச பெரிய பேனல் பட்டா கஷ்டம்.

பேனலைக் கழட்டினா உள்பக்கம் எழுத்து இருக்கும். ஏபிஎஸ்னு (பிரேக் இல்லை, இது பிளாஸ்டிக் வகை) இருந்தா நான் ஒட்டித் தந்துடுவேன். அதே பிளாஸ்டிக்கை அசிட்டோன்ல கரைச்சுக் கூழாக்கி, உடைஞ்ச காதுக்கு, அதாவது பேனலை மாட்டுற சின்ன நீட்டலுக்குத் தடவி, உள்ள கம்பி வலை வெச்சா புதுசு மாதிரி நிக்கும். பிபின்னு, அதாவது பாலிப்ரொப்பிலீன்னு, இருந்தா அது கரையாது, சூடு வெச்சு உருக்கித்தான் ஒட்டணும், பெயிண்டும் லேசுல பிடிக்காது. புது வண்டியில கறுப்பா சொரசொரன்னு விட்டிருக்காங்களே, அதைப் பார்த்து "மலிவா இருக்கு, பெயிண்ட் அடிக்காம விட்டுட்டாங்க"ன்னு நிறையப் பேர் குறை சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கும். தேய்ஞ்சா கீறல் அவ்வளவா தெரியாது. பெட்டி உரசுற இடம், பூட்ஸ் படுற இடம் எல்லாம் அப்படித்தான் இருக்கணும். வெயில்ல வெளுக்கும், அது ஒண்ணுதான் குறை.

நான் பயப்படுறது இண்டிகேட்டரை விளக்குக்குள்ளயே வெச்சு மூடுற டிசைனுக்கு. பழைய மாதிரி ரப்பர் காம்புல நீட்டிட்டு இருந்தா வளைஞ்சு கொடுக்கும், ஒடிஞ்சாலும் அது மட்டும்தான் போகும். இப்ப முகம் வழவழன்னு வரணும்னு எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்க. ஒரு மூலை உடைஞ்சா மொத்த விளக்கையும் மாத்தணும். பாதி டூர்ல, ஊர் பேர் தெரியாத இடத்துல அது நடந்தா யோசிச்சுப் பாருங்க. போன வாரம் ஒருத்தர் கொண்டுவந்தார், நின்ன இடத்துல சாஞ்ச வண்டி. கீறல் விரல் நீளம்கூட இல்லை. விளக்கோட கிளிப் காது மூணும் போயிடுச்சு. ஒட்டித் தந்தேன், ஆனா உள்ள ஈரம் புகாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியல. அவர்கிட்ட அதைச் சொல்லவே மனசு வரல.


இரண்டுகண் எழுதியது:

பின்சீட்டுக்காரி அக்கா சொன்ன காத்து விஷயத்துல ஒண்ணு சேர்க்கிறேன். மோட்டோ குஸி வி100 மாண்டெல்லோ பார்த்திருக்கீங்களா? டேங்க் ரெண்டு பக்கமும் சின்ன இறக்கை, வேகத்துக்கும் ரைடிங் மோடுக்கும் ஏத்த மாதிரி தானாவே விரியும். ஓட்டறவர் மேல காத்தழுத்தம் 22 சதவீதம் குறையும்னு கம்பெனி கணக்கு. ஷோரூம்ல நிக்கும்போது வெறும் டேங்க் பக்கம் மாதிரி படிஞ்சிருக்கும். ஓடும்போதுதான் உருவமே முழுசாகுது. தொலைவழி அண்ணா கேட்ட "இந்த விளிம்பு எதுக்கு"ங்கிற கேள்விக்கு விரல் வெச்சுக் காட்டுற பதில் இப்பவும் வருது, எல்லா வண்டியிலயும் இல்லைங்கிறதுதான் வருத்தம்.

அப்புறம் அண்ணா, சீட்ல உக்காந்து பார்த்தா என்ன தெரியுதுன்னு நீங்க எழுதவே இல்லை. நாள் முழுக்க நீங்க பார்க்கப்போறது அந்த இடம்தான்.


தொலைவழி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் சொன்ன வேலைகளைச் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

முதலில் ஐயா பழையஇரும்பு சொன்ன கட்டைவிரல் வேலை. ஐந்து வண்டியின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முகத்தை மூடினேன். ஐந்தில் மூன்று வண்டி அப்போதும் பிடிக்கவில்லை! பிறகு பின்பக்கத்தை மூடினேன். அதே மூன்றும் சட்டென்று சாந்தமாகிவிட்டன. அந்தக் கோட்டுக்கண் முகம்கூட உறுத்தவில்லை. ஒரு மாதமாக முகத்தின் மேல் போட்ட குறை எல்லாம் வாலில் இருந்திருக்கிறது. என் பழைய வண்டியின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதன் முகம் அப்படி ஒன்றும் அழகில்லை, இப்போதுதான் தெரிகிறது. ஆனால் மூக்கிலிருந்து டேங்க், சீட், பெட்டி, பின்விளக்கு வரை கோடு விட்டுப்போகாமல் படுத்தே போகிறது. பெட்டியும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. புது வண்டிகளைப் பெட்டி இல்லாமல் வரைந்துவிட்டுப் பிறகு பெட்டிக்கு இடம் தேடியிருக்கிறார்கள். சைலன்ஸர் ஒரு பக்கம் மேலே தூக்கி நிற்பதால் அந்தப் பக்கத்துப் பெட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள், இடப்பெட்டி ஒரு அளவு, வலப்பெட்டி ஒரு அளவு. நின்ற நிலையில் பின்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தோள் இறங்கின ஆள் மாதிரி இருக்கிறது. பயணத்துக்கென்று செய்த வண்டிக்குப் பெட்டி உடம்பில் ஓர் அங்கம் இல்லையா? அதை வைத்துத்தானே முதல் கோட்டையே போட்டிருக்க வேண்டும்? இதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருகிறது.

உயரமான, அலகு வைத்த வண்டிகள்தான் டூரிங் வண்டி என்று ஆகிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கரட்டுப் பாதையில் எழுந்து நின்று ஓட்டுவதற்காகப் பிறந்த உருவம் அது. அதில் நேர்மையானவையும் உண்டு. சுஸுகி வி-ஸ்ட்ராம் 1050-ன் அலகு 1988-ல் வந்த அவர்களுடைய டிஆர்-பிக் வண்டியை நினைவூட்டிச் செய்தது, அதன் சதுர முகம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கவே போகாத வண்டிக்கும் அதே அலகு எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஹோண்டா என்டி1100 மாதிரி, ஆப்பிரிக்கா ட்வின் என்ற அவர்களுடைய உயரமான வண்டியின் எஞ்சினையே எடுத்து, 17 அங்குலச் சக்கரத்தில் தாழ வைத்து, சாலைக்கென்று ஃபேரிங் போட்ட வண்டிகள் திரும்ப வருவதைப் பார்க்கும்போது ஆறுதலாக இருக்கிறது.

தம்பி இரண்டுகண், சீட்டிலிருந்து பார்த்ததைக் கேட்டாய். எனக்கு வெள்ளெழுத்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. தூரத்துச் சாலை தெளிவாகத் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் எழுத்து கலங்கும். என் பழைய வண்டியில் முள் இருக்கிறது. எண்ணைப் படிக்க வேண்டாம், முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். புதுத் திரைகளில் வேகம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. எரிபொருள், வெப்பம், மீதித் தூரம் எல்லாம் எறும்பு ஊர்கிற அளவில். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ல் வட்டத் திரை வைத்து முள் மாதிரி காட்டுகிறார்கள், அதில் என் கண் உடனே நின்றது. வண்டி எனக்குச் சின்னது, ஆனால் யோசனை நல்ல யோசனை. திரைக்கு அப்பால் கண்ணாடி வழியே தெரிகிற சாலையை இரண்டு வண்டிகளில் திரையே பாதி மறைத்தது. படத்தில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

சகோதரி சொன்னபடி வீட்டில் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிஷம் உட்காரவிட ஷோரூமில் சம்மதித்தார்கள், நாற்காலி மாதிரி நடு ஸ்டாண்டில் நிறுத்தி. நான் கீழே நின்று மணி பார்த்தேன். முதல் வண்டியில் பதினெட்டாவது நிமிஷம் முழங்காலை நீட்டினாள். இரண்டாவதில் பன்னிரண்டிலேயே. மூன்றாவதில் முப்பது தாண்டியும் அசையவில்லை, பக்கத்தில் நின்ற பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தாள். எது என்று பார்த்தால், கட்டைவிரல் சோதனையில் தேறின இரண்டில் ஒன்று. முகம் அதே கோட்டுக்கண்தான். அவளுக்கு அந்த முகம் முதலிலிருந்தே பிடித்திருந்ததாம். "கண்ணைச் சுருக்கி தூரத்துல பார்க்கிற மாதிரி இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் அப்படியே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் ரைடு. இரண்டு பெட்டியும் மாட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். வெறும் பெட்டியாக இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாகப் பத்து லிட்டர் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு, அவளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம்.

தம்பி ஃபைபர்கடை, குச்சி சாய்த்துப் பார்த்தேன். முதலில் படுவது பெட்டியின் கீழ்மூலை, அது சொரசொர கறுப்பு. அடுத்தது எஞ்சின் கார்டு. இண்டிகேட்டர் தனியாகக் காம்பில்தான் இருக்கிறது. பக்கப் பேனலைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு மட்டும் தயங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்து அது ஏபிஎஸ்ஸா பிபியா என்று கண்டுபிடிக்க வழி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.